47 சதவீதமா, 9 சதவீதமா? தொழில்நுட்ப வேலையின்மை ஆய்வுகளைப் படிப்பது எப்படி

செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது: “தொழில்நுட்பமும் வேலையின்மையும் குறித்து ஆராய்ந்துவரும் பொருளியல் விரிவுரையாளர் ஒருவர் கூறுகிறார்.” அதை ஒட்டி ஒரு சதவீதம் வரும். அடுத்த வாரம் வேறொரு விரிவுரையாளர், வேறொரு சதவீதம். ஒருவர் கணக்கில் பாதி வேலைகள் ஆபத்தில் இருக்கின்றன. மற்றவர் கணக்கில் பத்தில் ஒன்றுகூட இல்லை. இருவருமே முனைவர் பட்டம் பெற்றவர்கள், இருவருமே தரவைக் காட்டித்தான் பேசுகிறார்கள். படிப்பவர் யாரை நம்புவது?

இந்தச் சிக்கலில் பொய் சொல்பவர் பெரும்பாலும் எவரும் இல்லை. ஒருவர் கேட்ட கேள்வியை மற்றவர் கேட்கவே இல்லை என்பதுதான் விஷயம். ஓர் ஆய்வாளர் எந்தத் துறையில் பயின்றார், எந்த வகைத் தரவோடு பழகியவர் என்பது அவர் எந்தக் கேள்வியைக் கையில் எடுப்பார் என்பதைப் பெருமளவு முடிவு செய்துவிடுகிறது. ஆகவே சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன் அதைச் சொல்பவரின் பின்னணியைப் பார்ப்பது வீண் வேலை அன்று. அதற்கும் முன்னால் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

வேலையின்மை எதை எண்ணுகிறது?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி ஒருவர் வேலையற்றவராக எண்ணப்பட மூன்று நிபந்தனைகள் உண்டு.

1. கணக்கெடுக்கும் காலத்தில் அவருக்கு வேலை இருக்கக் கூடாது. அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர்தான்.
2. வேலை கிடைத்தால் உடனே சேரும் நிலையில் இருக்க வேண்டும்.
3. வேலையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனையில்தான் ஓட்டை இருக்கிறது. இருபது ஆண்டுகள் ஒரே ஆலையில் இருந்தவர் இயந்திரத்தால் வேலை இழக்கிறார், ஓராண்டு அலைகிறார், பிறகு தேடுவதையே விட்டுவிடுகிறார் என்றால், அந்த நாளிலிருந்து அவர் வேலையற்றவர் பட்டியலில் இல்லை. அவர் தொழிலாளர் படைக்கு, அதாவது வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும் சேர்ந்த தொகைக்கு, வெளியே போய்விட்டார். அவருடைய நிலைமை மோசமானது. வேலையற்றோர் விகிதமோ குறைந்தது!

இதனால்தான் இந்தத் துறையின் கவனமான ஆய்வுகள் வேலையற்றோர் விகிதத்தை மட்டும் நம்புவதில்லை. மக்கள்தொகையில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற விகிதத்தையும், கூலியையும் சேர்த்தே பார்க்கின்றன. “வேலையின்மை கூடவில்லை, ஆகவே தொழில்நுட்பத்தால் பாதிப்பில்லை” என்று யாராவது முடித்தால், அவர் எந்த விகிதத்தைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளலாம்.

வேலையின்மையைப் பாடநூல்கள் மூன்றாகப் பிரிக்கும். ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போகும் இடைவெளியில் வருவது ஒன்று. பொருளாதாரம் சரியும்போது வந்து, நிமிரும்போது போவது இன்னொன்று. காலியிடங்கள் இருந்தும், வேலை தேடுபவரிடம் உள்ள திறனோ அவர் இருக்கும் ஊரோ அவற்றுக்குப் பொருந்தாமல் போவது மூன்றாவது. இதை அமைப்புசார் வேலையின்மை என்பார்கள். தொழில்நுட்ப வேலையின்மை இந்த மூன்றாவது பிரிவில் அடங்கும்.

பட்டமில்லாத ஒருவரின் மனமாற்றம்

1811 முதல் 1816 வரை இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பகுதியில் தொடங்கிப் பரவிய கலகத்தில் தொழிலாளர்கள் பின்னல் இயந்திரங்களை உடைத்தார்கள். அவர்களை லட்டைட்டுகள் என்று அழைத்தார்கள். 1812இல் இயந்திரம் உடைப்பதற்கு மரண தண்டனை என்று சட்டம் வந்தது. இன்று இந்தப் பெயர் ஏறக்குறைய வசைச்சொல்லாகிவிட்டது. புதிய கருவியைப் பழக மறுப்பவரைக்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தத் தொழிலாளர்களின் கவலையை அன்றைய பெரிய பொருளியல் அறிஞர் ஒருவர் பின்னால் ஒப்புக்கொண்டார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அவர் டேவிட் ரிக்கார்டோ. பங்குச்சந்தையில் பொருள் ஈட்டியவர், பல்கலைக்கழகத்தில் படிக்காதவர். 1817இல் வெளிவந்த அவருடைய பொருளியல் நூல், இயந்திரம் எல்லா வகுப்பாருக்கும் நன்மை தரும் என்ற கருத்தோடு ஒத்துப்போனது. 1821இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது அதில் இயந்திரங்களைப் பற்றிப் புதிதாக ஓர் அத்தியாயம் இருந்தது. இயந்திரம் தங்கள் நலனுக்குக் கேடு என்று தொழிலாளர் நினைப்பது வெறும் அறியாமை அன்று, அது பொருளியல் கோட்பாட்டோடு பொருந்துவதே என்று அதில் எழுதினார். அவரைப் பின்பற்றியவர்களே திகைத்துப்போனார்கள். ஒரு நூலின் பதிப்புகளுக்கு இடையே இப்படி வெளிப்படையாகக் கருத்தை மாற்றிக்கொண்டவர்கள் இந்தத் துறையில் அதிகம் பேர் இல்லை.

அவர் பக்கம் நியாயம் இருந்ததைப் பிற்காலக் கணக்குகளும் காட்டின. பொருளாதார வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆலன் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1780க்கும் 1840க்கும் இடையே பிரிட்டனில் ஒரு தொழிலாளியின் சராசரி உற்பத்தி 46 சதவீதம் உயர்ந்தது. விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்க்கும் உண்மைக் கூலி 12 சதவீதம்தான் உயர்ந்தது. பிறகு கூலி வேகமாக ஏறியது உண்மை. ஆனால் அறுபது ஆண்டு என்பது ஒரு தொழிலாளியின் முழு ஆயுள்.

தொழில்நுட்ப வேலையின்மை என்ற சொல்லைப் பரவலாக்கியவர் பிரிட்டிஷ் பொருளியலாளர் ஜான் மேனார்டு கெயின்ஸ். இவர் பட்டம் பெற்றது கணிதத்தில். உழைப்பை மிச்சப்படுத்தும் வழிகளை நாம் கண்டுபிடிக்கும் வேகம், அந்த உழைப்புக்குப் புதுப் பயன் கண்டுபிடிக்கும் வேகத்தை மிஞ்சும்போது இந்த வேலையின்மை வருகிறது என்று 1930இல் விளக்கினார். இது தற்காலிகக் கோளாறு என்றார். நூறு ஆண்டுகளில் வாரத்துக்கு 15 மணி நேர உழைப்பே போதும் என்ற நிலை வரக்கூடும் என்றும் எதிர்பார்த்தார். கெடு நெருங்கிவிட்டது, 15 மணி நேர வாரத்தைத்தான் இன்னும் காணோம்.

ஒரு வேலை, பல பணிக்கூறுகள்

இன்றைய ஆய்வுகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அடித்தளமான ஒரு வேறுபாடு இருக்கிறது. வேலை என்பது ஒரு மூட்டை. அதற்குள் பல பணிக்கூறுகள் இருக்கின்றன. கணக்கு எழுத்தரை எடுத்துக்கொள்வோம். காலையில் ரசீதுகளைப் பதிவு செய்கிறார். கூட்டல் சரிபார்க்கிறார். ஒரு தொகை இடிக்கிறது. வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்துப் பேச்சோடு பேச்சாக விஷயத்தைக் கறக்கிறார். மாலையில் மேலாளரிடம் ஏன் தாமதம் என்று விளக்குகிறார். முதல் இரண்டையும் கணினி என்றோ எடுத்துக்கொண்டுவிட்டது. மற்றவற்றை அவரே செய்கிறார். இயந்திரம் எடுத்துக்கொள்வது பணிக்கூறுகளை. அந்த மூட்டை அவிழ்ந்து சிதறுமா, வேறு விதமாகக் கட்டப்படுமா என்பது தனிக் கேள்வி.

அமெரிக்கப் பொருளியலாளர்கள் டேவிட் ஆட்டர், பிராங்க் லெவி, ரிச்சர்டு மர்னேன் ஆகிய மூவரும் 2003இல் வெளியிட்ட கட்டுரை இந்தப் பார்வையை நிலைநிறுத்தியது. விதிகளாக எழுதிவிடக்கூடிய வழக்கமான பணிகளைக் கணினி பறிக்கும். விதியாக எழுத முடியாத பணிகளில் மனிதரே தொடர்வர் என்றார்கள். இரண்டாவதில் இரு வகை உண்டு. ஒன்று, மருத்துவர், பொறியாளர் போன்றோரின் பகுத்தறிந்து முடிவெடுக்கும் பணி. இன்னொன்று, துப்புரவு, முதியோர் பராமரிப்பு போன்ற, கையும் கண்ணும் ஒத்துழைக்க வேண்டிய பணி. விளைவு, நடுத்தரச் சம்பளம் தந்த அலுவலக எழுத்தர், ஆலைப் பணியாளர் வேலைகள் சுருங்க, மேலும் கீழும் பெருகின. வெற்றிடம் நடுவில் விழுந்தது.

தானியங்கிக் கருவி ஒன்று வரும்போது தொழிலாளர் தேவை எப்படி மாறும் என்பதைப் பொருளியலாளர்கள் டேரன் அசெமோக்லுவும் பாஸ்குவால் ரெஸ்ட்ரெப்போவும் மூன்று விசைகளாகப் பிரித்துக் காட்டுகிறார்கள்.

1. இடப்பெயர்ப்பு விளைவு. மனிதர் செய்த பணியை இயந்திரம் செய்கிறது. தேவை குறைகிறது.
2. உற்பத்தித்திறன் விளைவு. செலவு குறைவதால் பொருள் மலிகிறது, விற்பனை கூடுகிறது, மிச்சமான பணம் வேறு பொருள்களுக்குப் போகிறது. இயந்திரம் தொடாத பணிகளில் ஆள் தேவை கூடுகிறது.
3. மீளமர்த்தும் விளைவு. முன்பு இல்லாத பணிகள் பிறந்து, அவற்றில் மனிதர் அமர்கிறார்கள்.

முதலாவது எப்போதும் நடக்கும். மற்ற இரண்டுக்கும் உத்தரவாதம் கிடையாது. இங்கே அவர்கள் சுட்டும் ஒரு வகையை ‘சுமாரான தொழில்நுட்பம்’ என்று தமிழில் சொல்லலாம். கடையில் வாடிக்கையாளரே பொருளை ஸ்கேன் செய்து பணம் கட்டும் இயந்திரம் இதற்கு எடுத்துக்காட்டு. காசாளர் போய்விடுகிறார், ஆனால் உற்பத்தித்திறன் அப்படி ஒன்றும் உயர்ந்துவிடுவதில்லை. ஆகவே முதல் விளைவு முழுதாக வருகிறது, இரண்டாவது பெயருக்கு வருகிறது. பிரமாதமான இயந்திரத்தைவிடச் சுமாரான இயந்திரமே தொழிலாளிக்கு ஆபத்து என்பது முதலில் கேட்கும்போது விநோதமாகத்தான் இருக்கும்.

மூன்றாவது விளைவு எவ்வளவு பெரியது என்பதை ஆட்டரும் மற்ற மூவரும் 2024இல் அளந்தார்கள். அமெரிக்காவில் 2018இல் இருந்த வேலைகளில் சுமார் 60 சதவீதம், 1940இல் பெயர்கூட இல்லாத தொழில் வகைகளில் இருந்தன. இன்னொரு பக்கம், 1900இல் அந்நாட்டு உழைப்பாளரில் 40 சதவீதம் பேர் வேளாண்மையில் இருந்தனர். நூறாண்டுக்குப் பின் 2 சதவீதம். அந்த 38 சதவீதம் பேரின் சந்ததியார் தெருவில் நிற்கவில்லை.

படிப்பு எங்கே வந்து சேர்கிறது?

ஒரு சொல் விளக்கம். பிரிட்டிஷ் முறைப் பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளர் என்பது ஆய்வும் கற்பித்தலும் சேர்ந்த நிலையான பதவியின் தொடக்கப் படி. அமெரிக்காவில் அதே சொல் பெரும்பாலும் கற்பித்தலை மட்டும் குறிக்கும். ஆகவே பதவிப் பெயரை வைத்து ஆய்வின் தரத்தை எடைபோட முடியாது. அசெமோக்லுவே 1992இல் லண்டன் பொருளியல் பள்ளியில் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே ஓராண்டு விரிவுரையாளராக இருந்துவிட்டுத்தான் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குப் போனார். 2024இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்; அது சட்டம், ஆட்சிமுறை போன்ற சமூக அமைப்புகளும் நாடுகளின் செழிப்பும் பற்றிய ஆய்வுக்காக, ரோபோக்களுக்காக அன்று. செய்தித் தலைப்புகள் இதைக் கலந்துவிடுவது வழக்கம்.

பின்னணி வேறுபட்டால் கேள்வி எப்படி வேறுபடுகிறது என்பதற்குச் சில பேர்:

கிறிஸ்டோபர் பிசரைடிஸ் லண்டன் பொருளியல் பள்ளியில் 1976இல் சேர்ந்தவர். வேலை தேடுபவரும் காலியிடமும் ஒன்றையொன்று கண்டுகொள்ள ஏன் காலம் பிடிக்கிறது என்பதே அவருடைய ஆய்வு. 2010இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இந்த மரபில் வந்தவருக்கு முதல் கேள்வி, “இழந்தவர் அடுத்த வேலையைக் கண்டடைய எவ்வளவு நாளாகும்?”

ஆட்டர் இளங்கலையில் படித்தது உளவியல். முனைவர் பட்டம் பொதுக் கொள்கையில். இடையில் சான் பிரான்சிஸ்கோவில் வசதியற்ற பிள்ளைகளுக்குக் கணினிப் பயிற்சி தரும் திட்டத்தை நடத்தினார். மனிதர் வேலையிடத்தில் என்னதான் செய்கிறார் என்று மூட்டையை அவிழ்த்துப் பார்க்கும் பழக்கம் இவருக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

ஜேம்ஸ் பெசன் மென்பொருள் நிறுவனம் தொடங்கி நடத்திவிட்டுப் பிறகு ஆய்வுக்கு வந்து, பாஸ்டன் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் விரிவுரையாளராக இருந்தவர். சந்தையைப் பார்த்தவர் ஆகையால் அவர் கேட்பது தேவை பற்றிய கேள்வி: பொருள் மலிந்தால் எவ்வளவு கூடுதலாக விற்கும்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு கஜம் துணி நெய்யத் தேவையான உழைப்பில் 98 சதவீதத்தை இயந்திரம் எடுத்துக்கொண்டது; ஆனாலும் ஆலை நெசவாளர் எண்ணிக்கை பெருகியது. ஒரே மாற்றுத் துணி வைத்திருந்தவர்கள் மலிவானதும் மேலும் வாங்கினார்கள். அலமாரி நிறைந்த பிறகு இன்னும் மலிந்தும் பயனில்லை. அப்போது வேலைகள் சரிந்தன. விலை மாற்றத்துக்குத் தேவை எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பதைத் தேவை நெகிழ்ச்சி என்பார்கள். அது காலத்தோடு மாறும்.

ஏடிஎம் பற்றி எங்கும் சொல்லப்படும் கதையும் இவர் வழியாகப் பரவியதுதான். அமெரிக்க நகரங்களில் ஒரு வங்கிக் கிளையின் காசாளர் எண்ணிக்கை 1988க்கும் 2004க்கும் இடையே 20இலிருந்து 13ஆகக் குறைந்தது. கிளை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் கிளைகளை 40 சதவீதத்துக்கு மேல் கூட்டின. மொத்தக் காசாளர்கள் குறையவில்லை. மேடைப் பேச்சாளர்கள் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். 2010க்குப் பிறகு வங்கிச் சேவை கைப்பேசிக்குள் வந்ததும் காசாளர் எண்ணிக்கை சரியத் தொடங்கியது என்ற மீதிக் கதை சொல்லப்படுவதில்லை.

47-உம் 9-உம் பிறந்த கதை

2013இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கார்ல் பிரே, மைக்கேல் ஆஸ்போர்ன் இருவரும், அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் தானியங்கிமயமாகும் பெரும் ஆபத்தில் இருப்பதாக எழுதினார்கள். உலகம் முழுவதும் சுற்றிவந்த எண் இது. அது உருவான விதம் வருமாறு:

1. தரவைக் கொடுத்துக் கணினியைப் பழக்கும் துறையான இயந்திரக் கற்றலில் வல்லுநர்களைக் கூட்டி, 70 தொழில்களின் பணி விவரங்களைக் கொடுத்து, “இதை முழுதாகத் தானியங்கியாக்க முடியுமா?” என்று கேட்டார்கள். ஆம் அல்லது இல்லை என்ற விடைகள் பதிவாயின.
2. அந்த 70ஐப் பாடமாக வைத்து, மீதமுள்ள தொழில்களுக்கும் நிகழ்தகவைக் கணிக்க ஒரு நிரலைப் பழக்கினார்கள். மொத்தம் 702 தொழில்கள்.
3. நிகழ்தகவு 70 சதவீதத்துக்கு மேல் வந்தவை ‘பெரும் ஆபத்து’ என்ற பெட்டிக்குள் போயின. அந்தத் தொழில்களில் இருப்பவர்களைக் கூட்டினால் 47 சதவீதம்.

ஆஸ்போர்னின் துறை இயந்திரக் கற்றல். கேள்வியில் அது தெரிகிறது: இயந்திரத்தால் என்ன செய்ய முடியும்? வாங்கும் விலை என்ன, முதலாளி வாங்குவாரா, புதிதாக என்ன வேலை பிறக்கும் என்பவை அந்தக் கேள்விக்கு வெளியே. 47 சதவீதம் வேலைகள் போய்விடும் என்று கட்டுரை சொல்லவில்லை. தலைப்பு எழுதியவர்கள்தான் சொன்னார்கள்.

2016இல், பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்புக்காக மெலனி ஆர்ன்ட்ஸ், டெரி கிரிகரி, உல்ரிச் சியரான் மூவரும் இதே வழியைப் பின்பற்றி, ஒரே ஒரு இடத்தில் மாற்றினார்கள். தொழிலின் பெயரை வைத்துக் கணிக்காமல், அந்தத் தொழிலில் இருக்கும் தனி நபர்கள் கணக்கெடுப்பில் சொன்ன பணிகளை வைத்துக் கணித்தார்கள். நாம் முன்பு பார்த்த கணக்கு எழுத்தர் இங்கே மீண்டும் வருகிறார். முந்தைய ஆய்வு அவருடைய தொழிலுக்குக் கொடுத்த ஆபத்து 98 சதவீதம். ஆனால் குழுவாகச் செய்யும் பணியோ நேருக்கு நேர் பேசும் பணியோ அறவே இல்லாத கணக்கு எழுத்தர்கள் 24 சதவீதம் பேர்தான் என்று இவர்கள் கண்டார்கள். எல்லாவற்றையும் கூட்டியபோது 21 நாடுகளில் சராசரியாக 9 சதவீத வேலைகளே பெரும் ஆபத்தில் இருந்தன.

47க்கும் 9க்கும் நடுவில் இருப்பது தொழில்நுட்பத்தைப் பற்றிய கருத்து வேறுபாடே இல்லை. மூட்டையை அவிழ்த்து எண்ணினார்களா, கட்டியபடியே எண்ணினார்களா என்பதுதான். 2018இல் அதே அமைப்பின் இன்னொரு ஆய்வு, 32 நாடுகளை எடுத்து, 14 சதவீதம் என்றது.

ரோபோக்கள்: ஒரே கருவி, இரு நாடுகள்

மேலே கண்டவை வருவதைக் கணிக்கும் ஆய்வுகள். நடந்ததை அளக்கும் ஆய்வுகள் வேறு சாதி. என் கணிப்பில் நம்பிக்கைக்கு உரியவையும் இவையே.

அசெமோக்லு, ரெஸ்ட்ரெப்போ இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, 1990 முதல் 2007 வரை அமெரிக்காவின் வட்டாரங்களை ஒப்பிட்டது. இதில் ஒரு சிக்கல் உண்டு. ரோபோ வந்த ஊரில் வேலை குறைந்தது என்பதால் ரோபோதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நொடித்துக்கொண்டிருந்த ஆலை, தப்பிக்க ரோபோவை வாங்கியிருக்கலாம். அதனால் அவர்கள் ஐரோப்பாவைப் பார்த்தார்கள். கார் தொழில் ஐரோப்பிய நாடுகளிலும் ரோபோவுக்கு மாறியது என்றால், அந்த மாற்றம் குறிப்பிட்ட ஓர் அமெரிக்க ஊரின் சரிவால் வந்திருக்க முடியாது. எந்த ஊரில் அத்தகைய தொழில்கள் முன்பே அதிகம் இருந்தனவோ அந்த ஊர் ரோபோவின் தாக்கத்தை அதிகம் சந்திக்கும். இப்படி வெளியே இருந்து வந்த அசைவைப் பிடித்துக் காரணத்தைப் பிரித்தெடுப்பதே பொருளளவியல், அதாவது புள்ளியியலைக் கொண்டு பொருளாதாரத்தை ஆராயும் முறை, தரும் பயிற்சியின் சாரம்.

கண்டது: 1,000 தொழிலாளருக்கு ஒரு ரோபோ கூடினால், மக்கள்தொகையில் வேலையில் இருப்போர் விகிதம் 0.2 சதவீதப் புள்ளி குறைகிறது, கூலி 0.42 சதவீதம் குறைகிறது.

அமெரிக்காவைவிட ரோபோ அடர்த்தி மிகுந்த ஜெர்மனியில் 1994 முதல் 2014 வரையிலான காலத்தை இதே போன்ற முறையில் ஆராய்ந்தவர்களுக்கு வேறு விடை கிடைத்தது. ஆலைகளில் குறைந்த வேலைகளைச் சேவைத் துறை ஈடுகட்டிவிட்டது. ஏற்கெனவே பணியில் இருந்தவர்களைப் பல நிறுவனங்கள் வெளியேற்றாமல் வேறு பணிக்கு மாற்றின. அடி விழுந்தது புதிதாக ஆலைக்குள் நுழையக் காத்திருந்த இளைஞர்களுக்கு. அவர்களுக்கான இடங்கள்தான் திறக்கவில்லை. இன்னொரு பக்கம், கியார்க் கிரேட்ஸ், கை மைக்கேல்ஸ் இருவரும் 17 நாடுகளை ஆராய்ந்து, ரோபோக்கள் மொத்த வேலைவாய்ப்பைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை, ஆனால் குறைந்த திறனுடையோரின் பங்கைக் குறைத்தன என்று 2018இல் எழுதினார்கள். கருவி ஒன்றாக இருந்தும் விடை மாறுகிறது என்றால், விடையில் கருவிக்குப் பங்கு பாதிதான். மீதி வேலைச் சட்டங்களுக்கும் நிறுவனங்களின் பழக்கத்துக்கும் உரியது.

இணைப்புப் பலகையின் முன் இருந்த பெண்கள்

இந்தத் துறையில் எனக்கு மிகவும் தெளிவாகப் படும் ஆய்வு ரோபோவைப் பற்றியதே இல்லை.

முன்பெல்லாம் தொலைபேசியை எடுத்தால் மறுமுனையில் ஒரு பெண் எண்ணைக் கேட்பார். அவர் முன்னால் துளைகள் நிறைந்த பலகை. ஒரு கம்பியை எடுத்து உங்கள் துளையையும் நீங்கள் கேட்டவரின் துளையையும் இணைப்பார். பேச்சு முடிந்ததும் பிடுங்குவார். 1920 வாக்கில் அமெரிக்க இளம்பெண்களுக்கு மிகப் பெரிய வேலைவாய்ப்புகளில் இது ஒன்று. தானியங்கி இணைப்பு வந்ததும், எண்ணைச் சுழற்றும் வட்டு அவருடைய இடத்தைப் பிடித்தது. ஒரு நகரம் குறிப்பிட்ட நாளில் ஒரேயடியாக மாறும். நகரத்துக்கு நகரம் அந்த நாள் வேறு. ஆய்வாளருக்கு இதைவிட நல்ல சோதனைக்களம் அமையாது.

ஜேம்ஸ் பைகன்பாம், டேனியல் கிராஸ் இருவரும் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவுகளில் இந்தப் பெண்களைப் பத்தாண்டு இடைவெளியில் பெயர் பெயராகப் பின்தொடர்ந்தார்கள். வரலாற்றுத் தரவில் பயின்றவர்களுக்கே இந்தப் பொறுமை வரும். இரண்டு முடிவுகள் கிடைத்தன.

முதலாவது, அடுத்த தலைமுறை இளம்பெண்களுக்குப் பாதிப்பு தெரியவில்லை. இணைப்பாளர் வேலை மறைந்தாலும் அலுவலகச் செயலர் வேலைகளும் உணவகம் போன்ற சேவை வேலைகளும் வளர்ந்து அவர்களை ஏற்றுக்கொண்டன. இரண்டாவது, மாற்றம் வந்த நாளில் பலகையின் முன் உட்கார்ந்திருந்தவர்கள் பத்தாண்டு கழித்து, மாறாத நகரங்களின் இணைப்பாளர்களைவிட, வேலையில் இருப்பது குறைவாக இருந்தது. வேலையில் இருந்தவர்களும் குறைந்த சம்பளத் தொழில்களுக்கு இறங்கியிருந்தார்கள்.

“வேலைகள் மீண்டுவிடும்” என்பவரும் “வேலை போனவர் மீளவில்லை” என்பவரும் இங்கே ஒரே தரவிலிருந்து ஒரே நேரத்தில் சரியாகிறார்கள். ஒருவர் எண்ணுவது நாற்காலிகளை, மற்றவர் எண்ணுவது அதில் உட்கார்ந்தவர்களை.

நாற்காலியை விட்டு எழுந்தவரின் நிலையை வேறொரு ஆய்வும் அளந்திருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நீண்டநாள் பணியாற்றி, கூட்டமாக வேலைநீக்கம் செய்யப்பட்டவர்களைப் பற்றியது அது, 1993இல் வெளியானது. வேலைநீக்கத்துக்குக் காரணம் எப்போதும் இயந்திரம் அன்று. ஆனாலும் இழப்பின் அளவு கவனத்துக்குரியது: ஆறாண்டு கடந்தும் அவர்களின் ஆண்டு வருமானம், வேலை போகாதிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவாகவே இருந்தது. ஒரே நிறுவனத்தில் ஆண்டுக்கணக்கில் சேர்த்த அனுபவத்துக்கு அடுத்த வாசலில் மதிப்பில்லை.

செயற்கை நுண்ணறிவு ஆய்வுகளில் பார்க்க வேண்டியவை

இனி வரும் சதவீதங்களை இந்தப் பின்னணியோடு படிக்கலாம்.

1. ‘உள்ளாகும்’ என்பது ‘பறிபோகும்’ என்று ஆகாது. 2023இல், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்களும் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, அமெரிக்க உழைப்பாளரில் சுமார் 80 சதவீதம் பேருக்குக் குறைந்தது பத்தில் ஒரு பங்குப் பணியாவது சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் மொழி மாதிரிகளால் பாதிக்கப்படக்கூடும் என்றது. பாதிப் பணியோ அதற்கு மேலோ பாதிக்கப்படக்கூடியவர் சுமார் 19 சதவீதம். வேலை வேகமாக முடிவதும் இந்தப் பாதிப்பில் அடக்கம். எழுதியவர்களில் அந்தத் தொழில்நுட்பத்தை விற்கும் நிறுவனத்தவர் இருப்பதால் ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனால் அது தெரிந்து படிப்பது நல்லது.

2. யாருக்கு நன்மை என்று பார்க்க வேண்டும். பொருளியலாளர் எரிக் பிரின்ஜோல்ப்சனும் மற்ற இருவரும் வாடிக்கையாளர் சேவைப் பணியாளர் 5,000க்கும் மேற்பட்டோரிடம் உரையாடல் உதவிக் கருவியை ஆராய்ந்தார்கள். சராசரியாக 14 சதவீதம் பணி கூடியது. புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் 34 சதவீதம். கைதேர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. முந்தைய கணினி அலை படித்தவருக்குச் சாதகமாக இருந்தது. இங்கே திசை மாறியிருக்கிறது. ஆனால் இது ஒரு நிறுவனத்துக்குள் நடந்த அளவீடு. அந்த நிறுவனம் அடுத்த ஆண்டு எத்தனை பேரை எடுக்கும் என்பது இதில் வராது.

3. கட்டுரை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பொருளியலில் முன்வரைவுக் கட்டுரைகள் முதலில் சுற்றுக்கு வரும். பிற ஆய்வாளர்கள் மதிப்பிட்டு ஆய்விதழில் வெளியாக ஆண்டுகள் ஆகும். இடையில் எண்கள் மாறும். மேலே சொன்ன 14 சதவீதம், 2025இல் ஆய்விதழில் வந்தபோது 15 ஆகியிருந்தது. இது சிறிய மாற்றம். எல்லாக் கட்டுரைகளுக்கும் இவ்வளவு அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

4. பணிக்கூறிலிருந்து மொத்தப் பொருளாதாரத்துக்குத் தாவும் இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அசெமோக்லு 2024இல் போட்ட கணக்கில், பத்தாண்டில் செயற்கை நுண்ணறிவால் மொத்தக் காரணி உற்பத்தித்திறன் கூடுவது 0.66 சதவீதத்துக்கு மேல் போகாது. மூலதனமும் உழைப்பும் மாறாமலே கூடுதலாகக் கிடைக்கும் உற்பத்தியைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது. பல மடங்கு பெரிய எண்களைச் சொல்பவர்களும் உண்டு. எத்தனை பணிகள் மாறும், ஒவ்வொன்றிலும் செலவு எவ்வளவு குறையும் என்ற இரண்டு ஊகங்களைப் பெருக்கித்தான் எல்லோரும் விடைக்கு வருகிறார்கள். ஊகத்தைக் கொஞ்சம் அசைத்தால் விடை ஓடிவிடும்.

5. காலத்தைக் கேட்க வேண்டும். செய்திகளில் அடிக்கடி விடுபடும் விவரம் இதுதான். தொலைபேசித் தானியங்கி இணைப்பைக் கண்டுபிடித்த ஆல்மன் ஸ்ட்ரோஜர், கான்சஸ் நகரத்தில் ஈமச்சடங்குத் தொழில் நடத்தியவர். தனக்கு வரவேண்டிய அழைப்புகளை இணைப்பாளர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகத்தில்தான் இதில் இறங்கினார் என்று ஒரு கதை உண்டு. காப்புரிமை கிடைத்தது 1891இல். முதல் தானியங்கி நிலையம் அடுத்த ஆண்டே இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் திறந்தது. நாட்டின் மிகப் பெரிய தொலைபேசி நிறுவனம் அந்த மாற்றத்தைத் தொடங்கியதோ 1919இல். அதன் கடைசி இணைப்புப் பலகை ஓய்ந்தது 1978இல்.